வசனங்களைச் சமரசம் செய்வது எதுவரை?

நண்பர்கள் பேசிக்கொள்வதுபோல் கடவுள் மோசேயோடு நேருக்கு நேர் பேசினார் என்கிறது யாத்திராகமம் 33:11. அதே அதிகாரத்தின் 20ஆம் வசனத்தில், தம் முகத்தைக் கண்டவர் எவரும் உயிர்பிழைக்க முடியாது என்று கடவுளே மோசேயிடம் சொல்கிறார். இரண்டுக்கும் இடையே இருப்பவை எட்டு வசனங்கள்தாம்.

உயிர்த்தெழுதலைப் பற்றிய பகுதிகளிலும் இதே சிக்கல் உண்டு. லூக்கா 24ஆம் அதிகாரத்தில் உயிர்த்த இயேசு, தமக்குத் தசையும் எலும்பும் இருப்பதைக் காட்டுகிறார்; சீடர்கள் முன்னால் மீன் உண்கிறார். பவுலோ, மாம்சமும் இரத்தமும் கடவுளின் ராஜ்யத்துக்கு உரிமை பெறாது என்று 1 கொரிந்தியர் 15:50இல் எழுதுகிறார். யோபு, பாதாளத்துக்குப் போனவன் திரும்பி வரமாட்டான் என்று 7ஆம் அதிகாரத்தில் புலம்புகிறார். 19ஆம் அதிகாரத்தில், கடவுளைத் தன் கண்களே காணும் என்கிறார்.

இப்படிப்பட்ட வசனங்களை ஒன்றோடொன்று இசைய வைத்து விளக்குவது திருச்சபையின் மிகப் பழைய வழக்கம். முரண்களைக் கணக்கெடுத்து மறைநூலையே தள்ளிவிடுவோர் அதை வெறும் சப்பைக்கட்டு என்பார்கள். அது நியாயமல்ல. ஏறத்தாழ கி.பி. 180இல் லியோன் நகர ஆயர் இரனேயு எழுதியதைப் பார்க்கலாம். உடலுக்கு மீட்பே இல்லை என்று போதித்தவர்கள் பவுலின் அந்த ஒற்றை வரியைத்தான் ஆயுதமாக வைத்திருந்தார்கள். இரனேயு அதை அதன் அதிகாரத்துக்குள் திரும்ப வைத்துப் படித்தார். அழியக்கூடிய இந்த உடல் அழியாமையை அணிந்துகொள்ள வேண்டும் என்று பவுல் மூன்றே வசனங்கள் தள்ளிச் சொல்வதை எடுத்துக்காட்டினார். பவுல் விலக்குவது உடலை அல்ல, கடவுளின் ஆவி இல்லாத வாழ்வை என்பது அவர் முடிவு. அந்த முடிவை ஏற்காதவர்கூட, ஒரு வரியைத் துண்டித்து வாதிடுவதை இந்த வாசிப்பு தடுத்தது என்பதை மறுக்க முடியாது. இசைவைத் தேடுபவர் நூல் முழுவதையும் படித்தாக வேண்டும். இந்த வழக்கத்தின் முதல் பெருமை அதுதான்.

இரண்டாவது பெருமை, அது நல்ல கேள்விகளை எழுப்பியது. உயிர்த்தெழுந்த உடலின் கண்கள் கடவுளைக் காணுமா என்று ஆயர் அகுஸ்தினார் பல ஆண்டுகள் யோசித்தார். 413 அளவில் பவுலினா என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில், ஊனக்கண்ணால் கடவுளைக் காண முடியாது என்று வாதிட்டார். பின்னர் ‘கடவுளின் நகரம்’ நூலின் கடைசிப் பகுதியில், புதுப்பிக்கப்பட்ட கண்களுக்கு ஏதோ ஒரு வகையில் அது கூடலாம் என்று கதவைத் திறந்தே வைத்தார்.

குறைகளும் சிறியவை அல்ல. இசைவு காணும் ஆசை சில சமயம் மூலத்தையே மாற்றிவிடுகிறது. யாத்திராகமம் 24ஆம் அதிகாரத்தின் எபிரேய மூலத்தில் மூப்பர்கள் இஸ்ரவேலின் கடவுளைக் கண்டார்கள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அவர் நின்ற இடத்தைக் கண்டார்கள். முரண் தீர்ந்தது, சாட்சியம் போயிற்று. நான்கு நற்செய்திகளையும் ஒரே கதையாகப் பின்னிய தாதியானின் தொகுப்பு, சிரிய மொழிச் சபைகளில் நான்கின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. 5ஆம் நூற்றாண்டில் ஆயர் தியோடரெட் 200க்கும் மேற்பட்ட பிரதிகளை அகற்றித்தான் நான்கையும் மீண்டும் வைக்க வேண்டியிருந்தது.

மிக ஆழமான குறையைக் காட்டுவது 14ஆம் நூற்றாண்டு. இறந்த புனிதர்கள் இறுதித் தீர்ப்புக்கு முன் கடவுளை முழுமையாகக் காண்பதில்லை என்று 1331 முதல் அவிஞ்ஞோனில் திருத்தந்தை 22ஆம் யோவான் மறையுரையாற்றினார். உடல் உயிர்த்தெழுவதற்கு முன்பே முழுப் பேறும் கிடைத்துவிட்டால் உயிர்த்தெழுதல் எதற்கு என்ற கேள்வி அவர் பக்கம் வலுவாக இருந்தது. பாரிஸ் இறையியலாளர்கள் எதிர்த்தனர். 1334இல் மரணப்படுக்கையில் அவர் அக்கருத்தைக் கைவிட்டார். அடுத்து வந்த 12ஆம் பெனடிக்ட், தூய்மையடைந்த ஆன்மாக்கள் உடலைத் திரும்பப் பெறும் முன்னரே கடவுளின் சாரத்தை நேருக்கு நேர் காண்கின்றன என்று 1336இல் வரையறுத்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1351இல், கிழக்குத் திருச்சபையின் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் இறையியலாளர் கிரகோரி பாலமாஸின் போதனையை உறுதிசெய்தது: கடவுளின் சாரத்தை எவரும் எக்காலத்திலும் காண முடியாது, மனிதர் காண்பது அவருடைய ஆற்றல்களையே.

மேற்கும் கிழக்கும் படித்தவை அதே வசனங்கள். இரு தரப்பும் முரணைக் கவனமாகவே தீர்த்தன; தீர்வுகளோ ஒன்றுக்கொன்று எதிரானவை. ஆகவே தீர்வின் ஒரு பகுதி வசனங்களுக்கு வெளியிலிருந்து, அந்தந்தச் சபையின் தத்துவத்திலிருந்தும் வழிபாட்டு அனுபவத்திலிருந்தும் வந்தது. அப்படி வருவதில் தவறில்லை. தன் முடிவை வசனமே சொன்னது போல் அறிவித்து, மற்றவரைத் தவறியவர் என்று தீர்ப்பிடுவதுதான் தவறு.

இசைவித்து விளக்குவதை நாம் கைவிட வேண்டியதில்லை. அதற்கு ஓர் எல்லை வேண்டும். ஒரு விளக்கம் இரண்டு வசனங்களையும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கச் செய்தால் அது நல்ல விளக்கம். இரண்டில் ஒன்றை வாயடைக்கச் செய்தால், எவ்வளவு பக்தியோடு செய்யப்பட்டாலும் அது மறைநூலுக்கு இழைக்கும் அநீதி. யாத்திராகமத்தை நமக்குத் தொகுத்துத் தந்தவர்கள், எட்டு வசன இடைவெளியில் நிற்கும் அந்த முரணைக் கவனிக்காதவர்கள் என்று நம்புவது கடினம். கடவுளின் நெருக்கம், அவரை எட்டவே முடியாத தூரம் ஆகிய இரண்டையும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அவர்கள் அப்படியே காத்துவைத்தார்கள். விளக்கம் எழுதுகிறவர்களிடமும் போதகர்களிடமும் நாம் எதிர்பார்க்க வேண்டியது அந்த நேர்மையைத்தான்.