அந்த டெலிபோன் பூத்தைப் பாருங்கள்

வில்லியம் வைலர் இயக்கிய ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ 1946-இல் வெளிவந்த படம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒரே ஊருக்குத் திரும்பும் மூன்று அமெரிக்கர்களின் கதை. போர்க்களக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. கறுப்பு வெள்ளை, 172 நிமிடம் என்றதும் தயங்க வேண்டாம். தொடக்கத்தில் கதை நகரவே இல்லையே என்று தோன்றலாம். அந்த மூவருக்கும் வீட்டுக்குள் போக மனம் வரவில்லை, அதுதான் காரணம். டாக்ஸியில் உட்கார்ந்துகொண்டு, போகிற வழியில் ஒரு வாய் குடித்துவிட்டுப் போகலாமா என்று இழுத்தடிக்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு இயக்குநர் கொடுக்கும் நேரத்தை நாமும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆல் காலாட்படையில் சார்ஜென்ட். ஊரில் வங்கி அதிகாரி. ஃப்ரெட் விமானப்படைக் கேப்டன். போருக்கு முன் மருந்துக்கடை கவுன்ட்டரில் ஐஸ்கிரீமும் சோடாவும் எடுத்துக் கொடுத்த பையன். ஹோமர் கடற்படைச் சிப்பாய். இரண்டு கைகளும் போய், அந்த இடத்தில் இரும்புக் கொக்கிகள். யூனிஃபார்மில் ஆலைவிட ஃப்ரெட் பெரியவன். அதைக் கழற்றியதும் ஆல் வங்கிக்கும், ஃப்ரெட் வாரம் 32.50 டாலர் சம்பளத்தில் பழைய கடைக்கும் போகிறார்கள். இந்தத் தலைகீழ் மாற்றத்தை யாரும் வசனமாகச் சொல்வதில்லை. உடைகளைக் கவனித்தாலே புரிந்துவிடும்.

இந்தப் படத்தை ரசிக்க ஒரு பழக்கம் போதும்: பேசுகிறவரின் முகத்திலேயே கண்ணை வைத்திருக்கக் கூடாது. ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட். 1941-இல் ‘சிட்டிசன் கேன்’ படத்தைப் படம்பிடித்தவர். திரையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் அறையின் கடைசிச் சுவரும் ஒரே அளவு தெளிவாகத் தெரியும்படி எடுப்பதில் கெட்டிக்காரர். வழக்கமான படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேமரா விரல் நீட்டிக் காட்டும். இங்கே நாமே தேட வேண்டியிருக்கிறது. கைபேசித் திரையில் இந்தப் படத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். தூரத்தில் இருப்பவை புள்ளியாகிவிடும். படத்தின் உயிரே அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

புட்ச் என்பவரின் பாரில் நடக்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஃப்ரெட் கல்யாணமானவன், ஆனாலும் ஆலின் மகள் பெகியும் அவனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். இனி என் மகளைப் பார்க்காதே என்கிறார் ஆல். ஃப்ரெட் எழுந்து, அறையின் கடைக்கோடியில் இருக்கும் டெலிபோன் பூத்துக்குப் போகிறான். அந்த நேரம் பார்த்து ஹோமர் உள்ளே வந்து, தன் கொக்கிகளால் பியானோ வாசிக்கக் கற்றுக்கொண்டதைக் காட்ட ஆசைப்படுகிறான். நமக்கு எதிரிலேயே பியானோ. ஹோமரும் அவன் மாமா புட்ச்சும் சேர்ந்து வாசிக்கிறார்கள், ஆல் பியானோமேல் சாய்ந்து நிற்கிறார். சந்தோஷமான காட்சிதான். ஆனால் மேல் மூலையில், விரல் நகம் அளவுக்கு, பூத்துக்குள் ஃப்ரெட் பேசிக்கொண்டிருக்கிறான். ஒரு வார்த்தைகூட நமக்குக் கேட்காது. ஒரு காதல் அங்கே முடிந்துகொண்டிருக்கிறது. ஆல் ஓரிரு முறை திரும்பிப் பார்க்கிறார். அவரோடு நம் கண்ணும் போகிறது, பிறகு பியானோவுக்குத் திரும்பவும் முடிவதில்லை. பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பாஸான் இந்தக் காட்சியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். முதல்முறை பியானோவையும், இரண்டாம் முறை பூத்தையும், மூன்றாம் முறை ஆலின் முகத்தையும் மட்டும் பாருங்கள். படத்தின் கடைசியில் வரும் கல்யாணத்திலும் மணமக்கள் மேலேயே கண்ணை வைத்துவிடாதீர்கள்.

ஹோமராக நடித்த ஹெரால்ட் ரஸ்ஸல் நடிகர் அல்ல. ராணுவப் பயிற்சியாளராக இருந்தபோது, 1944 ஜூன் 6 அன்று வட கரோலினாவில் வெடிமருந்து கையில் வெடித்து இரண்டு கைகளையும் இழந்தவர். காயம்பட்ட வீரர்களுக்காக எடுத்த ஒரு குறும்படத்தில் அவரைப் பார்த்துத்தான் வைலர் அழைத்தார். அவர் தீக்குச்சி உரசும்போது நாம் காண்பது ஒரு மனிதன் தினமும் செய்யும் வேலை. அந்தக் கொக்கிகளின் லாகவத்தைப் படம் முதலில் நமக்குப் பழக்கிவிடுகிறது. அதன் பிறகுதான் படுக்கையறைக் காட்சி வருகிறது.

போருக்கு முன்பே ஹோமரைக் கல்யாணம் செய்துகொள்ள இருந்தவள் வில்மா. தன்னோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று அவளுக்குக் காட்ட, ஹோமர் அவளை மாடிக்கு அழைத்துப் போகிறான். தோள் வார்களைக் கழற்றி, கொக்கிகளைக் கட்டிலில் விட்டு, இரவுச் சட்டைக்குள் தோளை நுழைக்கிறான். அதற்குமேல் அவனால் ஒன்றும் முடியாது. கதவு சாத்திக்கொண்டால் திறக்க முடியாது, யாரையாவது கூப்பிட்டாக வேண்டும் என்று விளக்குகிறான். அவனிடம் கெஞ்சலும் இல்லை, தன்னிரக்கமும் இல்லை. வில்மா அவன் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிடுகிறாள். பின்னணி இசையைக் கொஞ்சம் மறந்து அவள் விரல்களைக் கவனியுங்கள். அவை அவசரப்படுவதும் இல்லை, தயங்குவதும் இல்லை. காதல் காட்சி என்று நான் யாருக்காவது ஒன்றைக் காட்ட வேண்டுமானால் இதைத்தான் காட்டுவேன்.

ஃப்ரெட்டின் முறிவு இரண்டு துண்டுகளாக வருகிறது. ஊரைவிட்டே போக அவன் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுகிறான். ரயில் பாதையோரக் குடிசையில் அவன் அப்பா, மகன் வேண்டாமென்று விட்டுப்போன பதக்கத்தின் சான்றிதழைச் சத்தமாகப் படிக்கிறார். எரியும் விமானத்தில் ரத்தம் வடிய மகன் தன் வேலையை முடித்த கதையை, அரசாங்க நடையில், அப்போதுதான் அவர் அறிகிறார். அதே நேரம் மகன், காயலான் கடைக்குப் போகக் காத்திருக்கும் குண்டுவீச்சு விமானங்களுக்கு நடுவே அலைந்துகொண்டிருக்கிறான். இதற்காக செட் போடவில்லை. கலிஃபோர்னியாவில் ஆன்டாரியோ என்ற ஊரில் உண்மையிலேயே குவிந்துகிடந்த விமானங்கள் அவை. பிடுங்கப்பட்ட எஞ்சின்களின் இடத்தை கேமரா ஒவ்வொன்றாகக் கடக்க, ஹ்யூகோ ஃப்ரீட்ஹோஃபரின் இசை அவற்றை முடுக்கிவிடுகிறது. ஒரு விமானத்தின் தூசி படிந்த கண்ணாடி மூக்குக்குள் ஃப்ரெட்டுக்கு வியர்க்கிறது. வைலரே குண்டுவீச்சு விமானங்களில் பறந்து ஆவணப்படம் எடுத்தவர். அந்தப் பணியில் காது கேட்கும் திறனைப் பெருமளவு இழந்தவர். இந்தக் காட்சியில் ஓசையை வைத்து அவர் செய்திருப்பதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

ஆலின் பகுதி இவ்வளவு கனமானதல்ல. ஆனால் வங்கி விருந்தில் அவர் மனைவி மில்லி, கணவர் குடிக்கும் ஒவ்வொரு கோப்பைக்கும் மேஜை விரிப்பில் முள்கரண்டியால் ஒரு கோடு கீறிக்கொண்டே இருப்பதைத் தவறவிடாதீர்கள்.

குறைகளும் உண்டு. ஃப்ரெட்டின் மனைவி மேரியைப் படம் கொஞ்சமும் புரிந்துகொள்ள முயலவில்லை. அவசரமாகத் திருமணம் செய்து, தனியே வேலை பார்த்துக் காத்திருந்தவளுக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும். இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த அந்த ராணுவத்திலிருந்து திரும்பிய கறுப்பின வீரர்களுக்குக் கதையில் இடமே இல்லை. ஏழு ஆஸ்கர் பரிசுகளும், ரஸ்ஸலுக்கு ஹோமர் வேடத்துக்காகவே கூடுதலாக ஒரு சிறப்பு ஆஸ்கரும் கிடைத்த படம் என்பதற்காக இவற்றைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டியதில்லை.

பார்த்து முடித்ததும் இன்னொரு நாள் ஜான் ஹூஸ்டனின் ‘லெட் தேர் பி லைட்’ ஆவணப்படத்தைப் பாருங்கள். மனம் உடைந்த வீரர்களுக்கு நியூயார்க் மாநிலத்து ராணுவ மருத்துவமனை ஒன்றில் நடந்த சிகிச்சையின் பதிவு அது. ஒரு மணி நேரம்தான். அதுவும் 1946-இல் தயாரானதே. ஆனால் பொதுமக்கள் பார்க்க ராணுவம் 1980 வரை விடவில்லை. அதில் கறுப்பின வீரர்களும் இருக்கிறார்கள்.