முதல் வேடத்துக்கு விலை என்ன?

“ஐயா, நடிகனாவதற்கு என்ன படிக்க வேண்டும்?”

பள்ளியிறுதி வகுப்பை முடித்து வெளியேறிய மாணவன் ஒருவன் நம்மிடம் வந்து கேட்ட கேள்வி இது. மருத்துவனாக, வழக்கறிஞனாக, ஆசிரியனாக என்ன படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் நொடியில் விடை கூறியிருப்போம். எந்தக் கல்லூரி, எத்தனை ஆண்டு, எவ்வளவு கட்டணம், எந்த விண்ணப்பம் என எல்லாம் அச்சிட்ட தாளில் இருக்கின்றன. நடிகனாவதற்கு? இயல், இசை, நாடகம் என்று மூன்றாக வகுத்து மூச்சுக்கு முந்நூறு முறை முழங்கும் நாம், மூன்றாவது தமிழைத் தொழிலாக ஏற்க விரும்பும் ஓர் இளைஞனுக்கு வழி சொல்லத் தெரியாமல் வாயடைத்து நின்றோம்.

வாயால் சொல்ல இயலாதபோது நூலை நாடுவது ஆசிரியர் வழக்கம். இரு நூல்களை அவன் கையில் கொடுத்தோம். கொடுப்பதற்குமுன் நாமும் மறுமுறை படித்தோம். ஒன்று பம்மல் சம்பந்தனார் எழுதிய ‘நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி?’ மற்றொன்று ஔவை தி.க. சண்முகம் அவர்களின் ‘எனது நாடக வாழ்க்கை’. முன்னதன் தலைப்பே அந்த மாணவனின் கேள்விதான்! ஆனால் படிக்கப் படிக்க நமக்குத் தோன்றியது வேறு. இவ்விரு பெரியோர்களும் இருவேறு வாசல்கள் வழியே மேடை ஏறியவர்கள். அந்த வாசல்கள் இரண்டும் இன்று இல்லை. இல்லாத வாசலுக்கு வழிகாட்டும் நூலைத்தான் இளைஞனிடம் கொடுத்திருக்கிறோம்.

1891-ஆம் ஆண்டு சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தவர் சம்பந்தனார். கூத்தாடி என்று இழித்துரைக்கப்பட்ட ஒரு தொழிலை, படித்தவர்களும் பட்டம் பெற்றவர்களும் கூச்சமின்றி மேற்கொள்ளும் கலையாக உயர்த்திய பெருமை அவருக்கு உண்டு; அதை நாம் குறைத்துப் பேசோம். ஆனால் அந்தச் சபையில் அரிதாரம் பூசியவர்கள் யார்? பகலில் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் ஊதியம் பெற்றவர்கள். சம்பந்தனாரே வழக்கறிஞராயிருந்து பின்னர் நீதிபதியானவர். வயிற்றை வேறிடத்தில் நிரப்பிக்கொண்டு வந்தவர்களுக்குத் தேர்ச்சி ஒன்றே கேள்வி. அரிசிக்கு வழியில்லாதவனுக்குத் தேர்ச்சி இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி அந்நூலின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

சண்முகம் வந்த வாசல் வேறு. 1912-இல் பிறந்த அவர், 1918-இல், ஆறு வயதுப் பாலகனாக, சங்கரதாசு சுவாமிகள் ஆசிரியராயிருந்த மதுரை தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் தமையன்மாருடன் சேர்ந்தார். எழுத்தறியும் வயதில் பாட்டும் வசனமும் நெட்டுருப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற வாழ்க்கை அது. உணவு கம்பெனியில், உறக்கம் கம்பெனியில், கல்வி கம்பெனியில், பிரம்படியும் அங்கேதான்!

அந்தப் பாய்ஸ் கம்பெனிகளை இன்று சிலர் குருகுலம் என்று போற்றுகிறார்கள். நாம் அப்படிப் போற்ற ஒருப்படோம். பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளைகளை நள்ளிரவில் நாடகமாட வைத்தது எந்த வகையில் குருகுலம்? பதின்பருவத்தில் குரல் உடையும். மகரக்கட்டு என்பார்கள் நாடகத்தார். நேற்றுவரை பெண்வேடத்தில் பாடிக் கைதட்டல் வாங்கிய சிறுவன், தொண்டை கட்டிய ஒரே காரணத்தால் மூலையில் உட்கார வேண்டியதுதான். மீண்டும் குரல் கூடி வந்தால் ராஜபார்ட். வராவிட்டால் திரை இழுக்கும் வேலை, அல்லது ஊர்திரும்பல். அப்படித் திரும்பியவர்கள் எவரும் வரலாறு எழுதவில்லை. எழுதியவர் வென்றவர். இதை மறந்துவிட்டு வென்றவர் நூலை மட்டும் படித்து, அந்தக் காலம் பொற்காலம் என்று முடிவு கட்டுவது அறிவுடைமை ஆகாது.

எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கம்பெனிக்குள் நுழைந்த சிறுவனுக்குத் தொழில் கற்பிக்கப்பட்டது. மூச்சு எங்கே வாங்குவது, கடைசி வரிசைக்குக் குரல் எப்படி எட்டுவது, உடன் நிற்பவன் வசனத்தை மறந்தால் எப்படித் தாங்குவது என்பவற்றை நூறு இரவுகள் மேடையில் நின்று கற்றான். அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்களே கலைவாணரும், நடிகவேளும், எம்.ஜி.ஆரும், சிவாஜி கணேசனும். கம்பெனிகள் மறைந்தன, மறைந்தது நல்லதே. ஆனால் பிரம்போடு சேர்த்துப் பயிற்சியையும் அல்லவா புதைத்துவிட்டோம்!

பயிற்சி பெற்றவர்களுக்கே தொடக்கம் எப்படி இருந்தது என்பதைப் பாருங்கள். எம்.ஜி.ஆர். திரையில் முதலில் தோன்றிய ‘சதிலீலாவதி’ வெளிவந்தது 1936-இல். கதைத்தலைவனாக அவர் நடித்த ‘ராஜகுமாரி’ 1947-இல். இடையே 11 ஆண்டுகள்! சிறு சிறு வேடங்கள், ஓரிரு காட்சிகள், கும்பலில் ஒருவராக நிற்றல். ‘பராசக்தி’யில் கணேசன் ஒப்பந்தமானபோது, இந்த மெலிந்த இளைஞன் வேண்டாம், வேறு நடிகரைப் போடுங்கள் என்ற குரல் படக்கூடத்துக்குள்ளேயே எழுந்தது. தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் பிடிவாதமாக நின்றார். படம் 1952 தீபாவளிக்கு வந்தது. அதற்குமுன், அறிஞர் அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்’ நாடகத்தில் வீரசிவாஜியாக நின்று, பெரியாரின் வாயால் ‘சிவாஜி’ என்ற பெயரையே பெற்றவர் அவர். அந்தப் பெயரும் பயிற்சியும் இருந்தும் ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தில் தொங்கியது அவர் தொடக்கம்!

இக்கதைகளை நம் மேடைப் பேச்சாளர்கள் விடாமுயற்சிக்குச் சான்றாகக் கூறுவார்கள். நாம் வேறொன்றுக்குச் சான்றாகக் கூறுகிறோம். பெருமாள் அன்று சற்றுத் தளர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெருமாள்கள் கிடைக்காத கணேசன்கள் எத்தனை பேர்? ஒரு தொழிலில் நுழைவது ஒருவரின் நல்ல மனத்தை நம்பித்தான் என்றால், அதைத் தொழில் என்பதா, தருமச் சத்திரம் என்பதா? ‘சான்ஸ் கேட்டு அலைகிறான்’ என்று ஊரார் சொல்கிறார்களே, அந்தச் சொல்லிலேயே பிச்சைப்பாத்திரம் ஒளிந்திருக்கிறது. தன்மானம் பேசிய இயக்கத்தின் மண்ணில், கலைஞன் தன் வாழ்வின் முதல் நாளிலேயே தன்மானத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகவேண்டியிருக்கிறது.

பெண்ணின் நிலை இன்னும் கொடிது. பி.கே. ரோசியை நினைத்துப் பார்க்கிறோம். நாகர்கோயில் பக்கத்தில் பிறந்த தமிழர் ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’, மலையாளத்தின் முதல் ஊமைப்படம். அதில் உயர்சாதிப் பெண்ணாக நடித்தவர் ஒடுக்கப்பட்ட வகுப்பில் பிறந்த ரோசி. நாடகமாடிப் பழகியவர், நடிக்கத் தெரிந்தவர். படம் திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்டபோது சாதி வெறியர் கொதித்தெழுந்தனர். வேடத்தில்கூட அவள் உயர்சாதியாக இருக்கலாகாதாம்! ரோசி ஊரைவிட்டுத் தப்பித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, பெயரும் முகமும் மறைத்து வாழ்ந்து மறைந்தார். முதல் படமே கடைசிப் படம். அந்தப் படத்தின் ஒரு சுருள்கூட இன்று இல்லை. திறமை இருந்தால் முன்னேறலாம் என்று திண்ணைக் கட்டுரை எழுதுவோர் ரோசியின் முன் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

அது பழங்கதை என்பீர்கள். மலையாளத் திரையுலகில் பெண்கள் நிலையை ஆராயக் கேரள அரசு 2017-இல் நீதியரசர் ஹேமா தலைமையில் அமைத்த குழு, 2019 இறுதியில் அறிக்கை அளித்தது. அது பொதுமக்கள் கண்ணில் பட்டது 2024 ஆகஸ்டில்! ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அரசுப் பெட்டியில் உறங்கிய அவ்வறிக்கை சொல்வது என்ன? புதிதாக வரும் பெண்ணிடம், வேடத்துக்கு ஈடாக உடலைக் கேட்கும் வழக்கம் இருக்கிறது. ‘அட்ஜஸ்ட்மென்ட்’, ‘காம்ப்ரமைஸ்’ என்று அதற்கு நாகரிகப் பெயர்கள். படப்பிடிப்பிடத்தில் கழிப்பறையும் உடைமாற்ற மறைவிடமும் இல்லாமல் துணை நடிகையர் படும் துன்பமும் அதில் இருக்கிறது. இசையாதவளுக்கு வேலை இல்லை. வெளியே சொன்னவளுக்கு அறவே இல்லை.

அதன் பின்னர், 2024 செப்டம்பரில், நம் தென்னிந்திய நடிகர் சங்கமும் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பாலியல் குற்றம் விசாரணையில் உறுதியானால் குற்றவாளிக்கு ஐந்தாண்டு திரைத்தொழிலில் தடை. வரவேற்கிறோம். ஆனால் ஓர் ஐயம். சங்கத்தின் சீட்டு இன்னும் கைக்கு வராத பெண், முதல் வேடமே கிட்டாத பெண், எந்தக் கதவைத் தட்டுவாள்? கொடுமை நடப்பது பெரும்பாலும் அந்தத் தொடக்கப் படியில்தானே? வீட்டுக்குள் இருப்பவருக்குக் காவல் போட்டு, வாசற்படியில் நிற்பவளை இருட்டில் விட்டால் பயன் என்ன?

பணத்துக்கு வருவோம். நடிப்புத் தொழிலின் உண்மையான நுழைவுத் தேர்வு எது என்று கேட்டால், காத்திருப்பு என்போம். எவன் நெடுநாள் காத்திருக்க முடியுமோ அவன் தேர்கிறான். காத்திருப்பதற்குச் சோறு வேண்டும். சென்னையில் தலைசாய்க்க இடம் வேண்டும். தந்தை தயாரிப்பாளராக இருந்தால் காத்திருப்பு என்ற சொல்லே தேவையில்லை. பெங்களூரில் பேருந்து நடத்துநராக இருந்தவர் சென்னைக்கு வந்து, தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் நடிப்புப் பள்ளியில் பயின்றார். உடன் பணிபுரிந்த நண்பர் பொருளுதவி செய்தார். 1975-இல் ‘அபூர்வ ராகங்கள்’ வந்தது. அவரே ரஜினிகாந்த். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் கணக்கெழுதும் வேலை பார்த்துக்கொண்டே நடிப்பைக் கண்ணால் கற்றவர் விஜய் சேதுபதி. சிறு வேடங்களில் தலைகாட்டி, 2010-இல் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ படத்தில்தான் தலைவன் ஆனார். ஒருவரைத் தாங்கியது நண்பரின் ஊதியம். மற்றவரைத் தாங்கியது கணக்கேடு. தாங்க எவரும் இல்லாதவனைத் தாங்குவதற்கு நாட்டில் என்ன ஏற்பாடு?

ஏற்பாடு இல்லாத இடத்தில் எத்தர் முளைப்பர். நம் மாணவன் அதற்கும் சான்று. சென்னையில் ஒரு ‘நடிப்புப் பயிற்சி நிலைய’த்தார், மூன்று மாத வகுப்புக்கும் நிழற்படத் தொகுப்புக்கும் என்று அவன் தாயின் நகையை அடகு வைத்த பணம் முழுவதையும் வாங்கிக்கொண்டனர். கண்ணாடிமுன் நின்று அழவும் சிரிக்கவும் சொன்னார்களாம், அதுதான் பயிற்சி! இறுதியில், “நிறம் கொஞ்சம் கம்மி, வில்லனுக்கு அடியாளாகப் பார்க்கலாம்” என்று சான்று வழங்கினர். கறுப்பே நம் நிறம் என்று பெருமை பேசும் இனத்தின் தலைநகரில், அந்த இனத்தான் நடத்தும் நிலையத்தில், அந்த இனத்து இளைஞனுக்குக் கிடைத்த பட்டம் இது!

நம்மவர்களையும் கேட்காமல் விடமாட்டோம். நாடகத்தைப் படைக்கலனாக எடுத்த இயக்கம் நம்முடையது. அண்ணாவே காகபட்டராக வேடம் புனைந்து மேடை ஏறினார். மேடையும் திரையும் சேர்ந்து 1967-இல் ஆட்சிக் கட்டிலுக்கே வழி அமைத்தன. பேனாவால் திரையை ஆண்டவரும் முதல்வரானார். திரையில் தோன்றியவர்களும் முதல்வராயினர். எத்தனையோ நல்லவை நடந்தன, மறுக்கவில்லை. ஆனால் மாவட்டந்தோறும் நிறுவிய அரசு இசைப்பள்ளிகளைப் பாருங்கள். குரலிசை உண்டு, நாதசுரம் உண்டு, தவில் உண்டு, தேவாரம் உண்டு, பரதம் உண்டு, வயலின் உண்டு, மிருதங்கம் உண்டு. நாடகம் எங்கே? தேவாரத்துக்கு ஆசிரியர் அமர்த்த மனம் வந்த அரசுக்கு, நம்மை அரியணையில் ஏற்றிய கலைக்கு ஓர் அறை ஒதுக்கத் தோன்றாமற்போனது ஏன்? கலைமாமணி என்று பட்டம் சூட்டுகிறோம். அது வென்றுவிட்டவன் தோளில் விழும் மாலை. வெல்வதற்குமுன் பசியோடு நிற்பவனுக்கு நாம் கொடுத்தது எதுவுமில்லை.

ஆசிரியர்க்கு எங்கே போவது என்று எவரும் கேட்க வேண்டாம். மதுரையிலும் புதுக்கோட்டையிலும் இன்றும் ஸ்பெஷல் நாடகம் ஆடுவோர் இருக்கின்றனர். முழு ஒத்திகை இல்லாமலே விடிய விடியக் கதையை நடத்திச் செல்லும் ஆற்றல் படைத்தவர்கள். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் தெருக்கூத்துக் கற்பிக்கும் குடும்பமே உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் முறையாகப் பயின்றவர்கள் வேலையின்றி இருக்கின்றனர். இசைப்பள்ளிகளில் எட்டாவது பாடமாக நாடகத்தைச் சேர்க்கட்டும். பயில்வோர்க்கு உணவும் உதவித்தொகையும் கொடுக்கட்டும். பயிற்சி நிலையம் நடத்த உரிமம் வேண்டும் என்று சட்டம் வரட்டும். வாங்கும் கட்டணம் வாசலில் எழுதப்படட்டும். புதுமுகத் தேர்வு எங்கே, எந்நேரம், யார் முன்னிலையில் என்று நடிகர் சங்கத்துக்கு எழுதித் தெரிவித்த பின்னரே நடத்தப்படட்டும். இவற்றில் எது ஆகாத காரியம்?

இரு நூல்களையும் மாணவன் சென்ற வாரம் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். சண்முகம் நூலை இருமுறை படித்தானாம். “அவருக்குக் கம்பெனியில் சோறு போட்டார்கள் ஐயா” என்றான், வேறெதுவும் சொல்லவில்லை. இப்போது கைப்பேசி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறான். அடகு மீளவில்லை. ஞாயிறு மாலைகளில் நம் பள்ளித் திடலில் நான்கைந்து பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஒத்திகை நடத்துகிறான். திடலுக்கு விளக்கு இல்லை என்பதால் இருட்டுவதற்குள் முடித்துக்கொள்கிறார்கள். விளக்கு வேண்டித் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.