பிள்ளை என்னும் இன்னொருவர்

சொந்தப் பிள்ளையை நல்லதொரு உருவப்படமாக எடுப்பது, முன்பின் தெரியாத ஒருவரை எடுப்பதைவிடக் கடினம். தெரியாதவரின் முகத்தைக் கண் துழாவும். நெற்றி, உதட்டோரம், கழுத்து நரம்பு என்று ஒவ்வொன்றாக நின்று பார்க்கும். பிள்ளையின் முகத்தை நாம் அப்படிப் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு முன்பே பாசம் வந்து கண்ணை நிறைத்துவிடுகிறது. கைபேசிகளில் பிள்ளைகளின் படங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தும், உருவப்படம் என்று எடுத்து வைக்க ஒன்றோ இரண்டோதான் தேறுகின்றன. மற்றவையெல்லாம் நம் பிரியத்தின் படங்கள். பிள்ளை அவற்றுக்கு ஒரு சாட்டு.

மாத்தளை மாவட்டத்தில் கமராவோடு அலைகிற எங்களைப் போன்ற அமெச்சூர்களுக்கு, இந்தக் கலையைக் கற்க ஒரு பள்ளிக்கூடம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சிகிரியாவின் மேற்குப் பாறைக் குடைவில், காசியப்பன் காலத்தில், 5ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட பெண்களைத்தான் சொல்கிறேன். இடுப்புக்குக் கீழே மேகம் மறைக்கிறது. உருவத்தை எங்கே வெட்டினால் முகமும் கையும் பேசும் என்று அந்த ஓவியனுக்குத் தெரிந்திருக்கிறது. முகங்கள் பெரும்பாலும் முக்கால் பாகமாகத் திரும்பியவை. இமைகள் தாழ்ந்திருக்கின்றன. ஒருத்தி பூவைப் பிடித்திருக்கிறாள், ஒருத்தி தட்டை ஏந்தியிருக்கிறாள். அவரவர்க்கு அவரவர் அலுவல். பார்க்க வந்தவனைப் பொருட்படுத்தும் அவசரம் யாருக்கும் இல்லை. ஒரு பெண்ணின் கையை முதலில் ஓரிடத்தில் வரைந்து, பிறகு மாற்றி வரைந்த தடம் இன்றும் தெரிகிறது. முகம் சரியாக வந்த பிறகும் கை எங்கே இருக்க வேண்டும் என்று அவன் தவித்திருக்கிறான். பிள்ளைகளைப் படமெடுப்பவர்கள் அறிந்த தவிப்புத்தான் அது. ஓவியங்கள் இருக்கும் இடத்தில் படமெடுக்கத் தடை. நல்ல தடை. கமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பார்த்தால்தான் கண் பழகும்.

உருவப்படக் கலையின் பெரிய பெயர்களில் ஒன்று நம் மலையக மண்ணிலேயே உறங்குகிறது. கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அந்த சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவி ஜூலியா மார்கரெட் கமரன். 1863இல், 48 வயதில், மகள் பரிசாகக் கொடுத்த கமராவோடு தொடங்கியவர். 1875இல் கணவரோடு இலங்கை வந்தார். 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவை தேவாலய வளவில் அடக்கமானார். கண்ணாடித் தட்டில் ஈரக் கலவை பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டிய காலம் அது. முன்னால் இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். பேரனையும் உறவுக்காரப் பிள்ளைகளையும் அவர் குழந்தை யேசுவாகவும் தேவதைகளாகவும் ஆக்கினார். 1872இல், ரேச்சல் கர்னி என்ற உறவுக்காரச் சிறுமிக்கு அன்னச் சிறகு கட்டி, 'காத்திருக்கிறேன்' என்று பெயரிட்டு எடுத்த படம் புகழ்பெற்றது. கைகளை மடித்து, அதில் நாடியை ஊன்றியிருக்கும் அந்தத் தேவதையின் முகத்தில் அப்பட்டமான சலிப்பு. படத்தை உயிரோடு வைத்திருப்பது அந்தச் சலிப்புத்தான். சிறகு பெரியவரின் ஆசை. சலிப்பு அந்தச் சிறுமியின் சொந்தச் சொத்து.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் உம்ராவ் சிங் ஷேர்கில். 1870இல் பிறந்த பஞ்சாபிப் பிரபு. சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். படமெடுப்பதைத் தொழிலாகக் கொள்ளாத, கடைசிவரை அமெச்சூராகவே இருந்த தகப்பன். தன்னையும், ஹங்கேரியப் பாடகியான மனைவியையும், அம்ரிதா, இந்திரா என்ற இரு மகள்களையும் பல பத்தாண்டுகள் படமெடுத்தார். 1913இல் புடாபெஸ்டில் பிறந்த அம்ரிதா அந்தப் படங்களுக்குள்ளேயே வளர்கிறாள். சிறுமியாக, சிம்லாவின் இளம்பெண்ணாக, பாரிஸில் ஓவியம் கற்றவளாக, தூரிகையோடு நிற்பவளாக. அப்பா கேட்டபடி நிற்கும் பிள்ளையை இந்தப் படங்களில் காண்பது அரிது. உடுப்பும் சாய்வும் பார்வையும் அவளே தேர்ந்தவைபோல இருக்கின்றன. தகப்பன் ஒளியையும் தூரத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டு, மற்றதை மகளிடம் விட்டுவிட்டார் என்று தோன்றும். பின்னாளில் அம்ரிதா தன்னையே திரும்பத் திரும்ப வரைந்தாள். 28 வயதில், 1941இல், லாகூரில் அவள் இறந்துபோனாள். இந்திராவின் மகன், ஓவியர் விவான் சுந்தரம், தாத்தாவின் படங்களை இணைத்து 2001–02இல் புதிய படத்தொகுதி ஒன்றையே செய்தார். கமரன் அம்மையாரின் கைத்திறன் பெரியது. ஆனாலும் பிள்ளையைப் படமெடுக்கும் கலையில் நான் உம்ராவ் சிங்கின் கட்சி. பிள்ளையைத் தன் கற்பனைக்கு உடுப்பு மாட்டும் பொருளாக அவர் ஆக்கவில்லை. தன் வீட்டில் இருக்கும் இன்னொரு ஆளாகப் பார்த்தார்.

இப்படிப் பார்ப்பதற்கு விலையுயர்ந்த ஸ்டூடியோ தேவையில்லை. தோட்டத்து லயத்தின் இஸ்தோப்பு போதும். தாழ்ந்த கூரை உச்சி வெளிச்சத்தைத் தடுக்கிறது. கண்குழிக்குள் நிழல் விழாது. முன்வாசல் வெளிச்சம் ஒரு பக்கமாக வருகிறது. வாசல் மண்ணோ சீமெந்தோ அதில் கொஞ்சத்தைக் கீழிருந்து திருப்பி அனுப்புகிறது. காம்பராவின் இருட்டு பின்னால் கறுப்புத் திரையாக நிற்கிறது. பிள்ளையைக் கதவு நிலையோரம் உட்காரவைத்து, வாசல் பக்கம் முகத்தைக் கொஞ்சம் திருப்பினால், சிகிரியாவின் முக்கால் முகம் வந்துவிடும். மாத்தளைப் பள்ளத்தாக்கில், கிழக்கே நிற்கும் நக்கிள்ஸ் மலையைத் தாண்டித்தான் வெயில் வர வேண்டும். அதற்கு முந்திய காலை வெளிச்சம் பிள்ளைகளின் முகத்துக்கென்றே செய்தது. ரத்தோட்டைப் பாதையில் ஏறி ரிவர்ஸ்டனுக்குப் போனால் மூடுபனி அதே மென்மையை வெட்டவெளியில் தரும். ஆனால் அங்கே காற்று தலைமயிரைக் கேட்டுக்கொண்டு வீசாது.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, எஃப் 1.8 வரை திறப்பது, நமக்கு ஆயுளுக்கும் போதும். நெருங்கிய கண்ணில் ஃபோகஸ். பிள்ளை துருதுருவென்று இருந்தால் ஷட்டர் வேகம் 1/250 வினாடிக்குக் குறையக்கூடாது. கைபேசியானால், முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகாமல் ஐந்தடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டேயிருந்து எடுத்தால் மூக்கு பெருத்துக் காது சிறுக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், முழங்காலில் நிற்பது. மேலேயிருந்து எடுத்த பிள்ளை எப்போதும் சின்னப்பிள்ளைதான். கண்மட்டத்தில் எடுத்த பிள்ளை ஓர் ஆள்.

நிறத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாகக் கணக்குப் போடும் சாதனம். நம் பிள்ளைகளின் பாடசாலைச் சீருடையோ தூய வெள்ளை. சட்டையைக் கண்டு கமரா வெளிச்சத்தைக் குறைக்க, மாநிற முகம் இருண்டுபோகிறது. திரையில் முகத்தைத் தொட்டு அளவெடுங்கள். சட்டை கொஞ்சம் வெளிறினால் வெளிறட்டும். இந்தச் சிக்கலுக்கு ஒரு வரலாறும் உண்டு. கொடாக் நிறுவனம் வண்ண அச்சுகளைச் சரிபார்க்க ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் நெடுங்காலம் இருந்தவள் வெள்ளைக்காரப் பெண். எது சரியான தோல் நிறம் என்பதை அவள் முகத்தைக் கொண்டே அளந்தார்கள். இன்றைய கைபேசியின் 'அழகூட்டும்' வசதி அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. பிள்ளையின் தோலை வழவழப்பாக்கி, இரண்டு பங்கு வெளுப்பாக்கிக் கொடுக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். பவுடர் பூசி ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போன தலைமுறைக்கு வேறு வழி தெரியவில்லை. நமக்கு அந்தச் சாக்கு இல்லை. மாநிறத்தின் அழகு அதன் மினுக்கத்தில் இருக்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் கன்னமேட்டிலும் மூக்குத் தண்டிலும் ஓடும் அந்த மெல்லிய கோட்டுக்காகவே நான் மணிக்கணக்கில் காத்திருப்பேன். கண்ணூறு படாமல் கன்னத்தில் வைத்த கறுப்புப் பொட்டையும் அழிக்க வேண்டாம். அது அந்த வீட்டின் கையொப்பம்.

எப்போது அழுத்துவது? 'சிரி' என்று சொன்ன மறுகணம் வேண்டவே வேண்டாம். அந்தச் சிரிப்பு நமக்குச் செலுத்தும் வரி. பிள்ளைகள் தங்கள் முகத்தை மறக்கும் நேரம் வேலையில்தான் வருகிறது. பலாச்சுளையிலிருந்து கொட்டை நீக்கும்போது, காயவைத்த மிளகிலிருந்து காம்பு பொறுக்கும்போது, அழித்து அழித்துக் கணக்குப் போடும்போது. அப்போது உதடு குவியும், புருவம் ஏறும், கை முகத்தைவிட அதிகம் பேசும். மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும் நாளில் எல்லாக் கமராக்களும் தேரைப் பார்த்திருக்கும். நீங்கள் திரும்பி, அண்ணாந்து பார்க்கும் உங்கள் பிள்ளையைப் பாருங்கள். புதுச்சட்டையும் வியர்வையும் வியப்பும் கொஞ்சம் பயமும் ஒரே முகத்தில் கிடைக்கும். கோபத்தையும் எடுக்கலாம். ஆனால் அழுகையை எடுக்கும்முன் ஒருமுறை யோசியுங்கள். கமராவைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கிக்கொள்ள வேண்டிய நேரங்கள் உண்டு. அதை அறிவதும் இந்தக் கலையில் சேர்த்திதான்.

கடைசியாக, உரிமை. சாலி மான் என்ற அமெரிக்கப் பெண்மணி, வீட்டிலும் ஆற்றங்கரையிலும் தன் மூன்று பிள்ளைகளை எடுத்த படங்களை 1992இல் நூலாக்கினார். உடையின்றி விளையாடும் பிள்ளைகளும் அவற்றில் இருந்ததால் எழுந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. அவர் பெரிய கலைஞர். ஆனாலும் கேள்வி நியாயமானது: முகம் பிள்ளையுடையது, படம் நம்முடையது, வெளியிட முடிவெடுப்பது யார்? பேசத் தெரிந்த பிள்ளையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் படம் வீட்டோடு இருக்கட்டும். பேசத் தெரியாத பிள்ளையின் படத்தை ஊருக்குக் காட்ட அவசரம் ஒன்றுமில்லை.

பெற்றோரின் கண்ணுக்கு அழகாக இருப்பது ஓர் உருவப்படத்தின் தரத்துக்குச் சான்றல்ல. அவர்களுக்கு எல்லாமே அழகு. வளர்ந்து ஆளான மகனோ மகளோ அதைக் கையில் எடுத்து, 'இது நான்தான்' என்று ஏற்றுக்கொண்டால் அது உருவப்படம். 'இது நீங்கள் ஆசைப்பட்ட நான்' என்று சொன்னால், அது எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் தோற்ற படம்.