ஐந்து மரபணுக்களின் நேர்த்தி

தளேகாவில் லோக்கல் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் புனே. அங்கே அம்பேத்கர் சாலையில் இருக்கும் தேசிய வைராலஜி நிறுவனம், 1965இல் நாக்பூர் மாவட்டத்தின் சண்டிபுரா கிராமத்தில் காய்ச்சலில் கிடந்த இருவரின் ரத்தத்திலிருந்து ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தது. அந்தச் சண்டிபுரா வைரஸ் தன் மரபணுக்களைத் தானே ஆளும் நேர்த்தியை வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஏறத்தாழ 11,000 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்என்ஏ இழை. அதில் முக்கியமாக ஐந்தே மரபணுக்கள்: ‘என்’, ‘பி’, ‘எம்’, ‘ஜி’, ‘எல்’. படிக்கும் நொதி ‘என்’ இருக்கும் முனையில்தான் நுழையும். ஒவ்வொரு எல்லையிலும் சில நொதிகள் உதிர்ந்துபோகும். பந்தியில் தலைவாசல் பக்கம் தாராளமாகவும் கடைக்கோடியில் கொஞ்சமாகவும் விழுவதுபோல, ‘என்’ ஏராளமாகவும் ‘எல்’ சொற்பமாகவும் உருவாகின்றன. தேவையும் அதுவே. இழை முழுவதையும் போர்த்த நிறைய ‘என்’ வேண்டும். நொதியான ‘எல்’ சிறிது போதும்.

என் மனம் லயிப்பது ‘பி’யில்தான். இழையைப் படித்துப் புரதம் செய்வதா, முழுதாக நகலெடுப்பதா என்ற முடிவில் அதற்குப் பெரும்பங்கு. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் துருபஜோதி சட்டோபாத்யாயின் குழு இதை ஆண்டுக்கணக்கில் துருவியது. ‘பி’யின் ஒரு சீரின் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஒட்டியிருந்தால் படிப்பு நடக்கும். ஒட்டிவிடுவது நம் செல்லின் நொதியேதான்! பாஸ்பேட் இல்லாத ‘பி’யோ, தொடக்கத்தில் உருவாகும் லீடர் ஆர்என்ஏவைப் பற்றிக்கொண்டு நகலெடுப்புக்கு வழிவிடுகிறது. ‘என்’ போதுமளவு சேர்ந்ததும் அதே லீடரைப் போர்த்தத் தொடங்கும். நொதி எல்லைகளில் நிற்காமல் கடைசிவரை ஓடும். விளைந்த புரதத்தின் அளவே அடுத்த கட்டத்துக்கான உத்தரவு. இதைவிடச் சிக்கனமான ஆட்சிமுறையை நான் அறியேன்.

‘எம்’ பற்றிச் சுருக்கமாக: நெருங்கிய உறவான வெசிகுலார் ஸ்டொமாடிடிஸ் வைரஸில் அது படிப்பை அடக்கி, இழையை இறுகச் சுருட்டிப் புறப்பாட்டுக்கு ஆயத்தமாக்குகிறது.

ரசிக்கும்போதே மனம் கனக்கிறது. 2003இல் ஆந்திரத்தில் மூளைக்காய்ச்சல் கண்ட 329 குழந்தைகளில் 183 பேர் இறந்தார்கள். அதற்குக் காரணமாக இந்த வைரஸே அடையாளம் காணப்பட்டது. 2024இல் குஜராத்தில் மீண்டும் உயிர்ப்பலி. ‘பி’யும் லீடரும் சேரும் இடத்தைத் தடுக்க முடிந்தால் பெருக்கமே தடுமாறும், அதனால்தான் இந்த நுணுக்கத்தை ஊன்றிப் படிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கெனத் தனி மருந்தோ தடுப்பூசியோ இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. பரப்புவது மணல் ஈ. மழைக்காலத்தில் குழந்தைக்குத் திடீர்க் காய்ச்சலோடு வலிப்பும் வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.