அமைப்புப் பெட்டிகளின் பொத்தான்கள்: ஒரு திறனாய்வு

மென்பொருளில் எழுத்தின் அளவு, திரையின் நிறம் போன்றவற்றை மாற்றுவதற்காகத் திறக்கும் சிறு சாளரம் அமைப்புப் பெட்டி எனப்படும். அதன் அடியில் பெரும்பாலும் 'சரி', 'ரத்து', 'செயற்படுத்து' என்ற பொத்தான்கள் இருக்கும். இவை நிற்கும் வரிசை பற்றியே அதிகம் பேசப்படுகிறது. ஆனால் அவற்றின் பொருளில் உள்ள தெளிவின்மையே பெரிய குறை.

வரிசை

விண்டோஸில் 'சரி' முன்னும் 'ரத்து' அதன் வலப்புறமும் நிற்கும். மேக் கணினியில் 'சரி' வலது ஓரத்தில் இருக்கும். லினக்ஸில் குனோம், 2002-இல் வந்த தன் இரண்டாம் பதிப்பு முதல் மேக்கின் வரிசையைப் பின்பற்றுகிறது, கே.டி.ஈ. விண்டோஸைப் போன்றது. முதலில் படிப்பது முதலில் நிற்கட்டும் என்பது ஒரு வாதம். பார்வை முடியும் இடத்தில் முடிவு நிற்கட்டும் என்பது மற்றொன்று. இரண்டும் ஏற்கத்தக்கவையே. ஓர் இயங்குதளத்தின் வழக்கத்தை அதில் ஓடும் மென்பொருள் மீறுவதுதான் தவறு. கை பழகிய இடத்தில் அழுத்துபவர் தம் மாற்றங்களை இழப்பார்.

பொருள்

'சரி' மாற்றத்தை ஏற்றுப் பெட்டியை மூடும். 'செயற்படுத்து' மாற்றத்தை ஏற்கும், பெட்டியை மூடாது. எழுத்தின் அளவை மாற்றிச் 'செயற்படுத்து' பொத்தானை அழுத்துகிறோம். பிடிக்காததால் 'ரத்து' பொத்தானை அழுத்துகிறோம். பழைய அளவு திரும்புமா? விண்டோஸின் வழக்கப்படி திரும்பாது. இதைப் பயனருக்கு அந்தப் பெயர் உணர்த்துவதில்லை.

இச்சிக்கலைத் தவிர்க்க குனோம் 2, மாற்றியவுடன் நடைமுறைக்கு வரும் முறையைக் கைக்கொண்டது. இன்றைய கைப்பேசிகளிலும் பெரும்பாலும் அதுவே. ஆயினும் எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. வலையமைப்பு முகவரி போன்ற பல விவரங்களைச் சேர்த்தே மாற்ற வேண்டும். பாதியில் நடைமுறைக்கு வந்தால் இணைப்பு அறுந்துவிடும்.

நல்ல முன்மாதிரி ஒன்று விண்டோஸிலேயே உள்ளது. திரையின் தெளிவளவை மாற்றினால், மாற்றத்தை வைத்துக்கொள்ளவா, பழையபடி மாற்றவா என்று கேட்கிறது. 15 விநாடிக்குள் விடை வராவிட்டால் தானே பழைய நிலைக்குத் திரும்புகிறது. திரை இருண்டு எதையும் அழுத்த முடியாமற் போனாலும் பயனர் காப்பாற்றப்படுகிறார்.

தமிழில்

'முன்பதிவை ரத்து செய்யவா?' என்ற கேள்விக்குக் கீழே 'சரி', 'ரத்து' என்று இருந்தால், முன்பதிவைக் கைவிட எதை அழுத்துவது? 'ரத்து செய்', 'வைத்திரு' என்றிருந்தால் ஐயமே எழாது. சேமி, மூடு, நீக்கு என ஏவல் வினைகள் தமிழில் சுருக்கமாகவே அமைகின்றன; பொத்தானில் இடமும் போதும். மொழிபெயர்ப்போர் திரையைப் பாராமல் சொற்பட்டியலை மட்டும் பார்த்து எழுதும்போது, ஒரே பொத்தான் ஓரிடத்தில் 'ரத்து', வேறிடத்தில் 'கைவிடு', மற்றோரிடத்தில் 'விலக்கு' என்றாகிவிடுகிறது. கணினியைப் புதிதாகக் கற்பவர் இவற்றை மூன்று வேறு செயல்களாகவே கொள்வார். பின்னர் தமிழ் இடைமுகமே வேண்டாமென்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்.

எனவே மென்பொருள் செய்வோரும் மொழிபெயர்ப்போரும் ஒரு செயலுக்கு ஒரே சொல்லை எங்கும் வழங்க வேண்டும். அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை அந்தச் சொல்லே சொல்ல வேண்டும்.