சார்புநிலையும் சாக்குப்போக்கும்

நம் கோட்பாட்டுக் கட்டுரைகளில் ஐன்ஸ்டீனுக்கு ஒரு நிரந்தர வேலை உண்டு. மையம் இல்லை, பெருங்கதையாடல் இல்லை, உண்மைகள் பல என்று எழுதிக்கொண்டே வந்து, எங்காவது முட்டும்போது அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது. ‘காலமே சார்புடையதுன்னு அவரே சொல்லிட்டாரே!’ சாட்சி முழுசாக என்ன சொன்னார் என்று யாரும் கேட்பதில்லை.

நானும் இதைச் செய்திருக்கிறேன். காரைக்குடியில் ஒரு கூட்டம். செட்டியார்களின் பர்மா பற்றிப் பேச்சு. ‘வட்டிக்குக் கொடுத்தவரின் சட்டகத்தில் ஒரு வரலாறு, நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் சட்டகத்தில் இன்னொன்று, இரண்டும் சார்புண்மைகள்’ என்றேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்தபோதுதான் உறுத்தியது.

1905இல் ஐன்ஸ்டீன் எழுதிய கட்டுரையின் தலைப்பில் ‘சார்பு’ என்ற சொல்லே கிடையாது. இயங்கும் பொருள்களின் மின்னியக்கவியல் என்பதே தலைப்பு. அதன் கேள்வி எளிமையானது: தொலைவிலுள்ள இரண்டு இடங்களில் இரண்டு நிகழ்வுகள் ‘ஒரே நேரத்தில்’ நடந்தன என்று எதை வைத்துச் சொல்கிறோம்? ஒளிச் சமிக்ஞையால் ஒத்திசைத்த கடிகாரங்களை வைத்து. ஒளியின் வேகம் எல்லோருக்கும் ஒன்றே என்று ஏற்றுக்கொண்டால், ஒருவரையொருவர் சார்ந்து நகரும் இருவருக்கு உடனிகழ்வு பொதுவாக இருக்க முடியாது.

என் அப்பத்தா சொல்வார்: ‘அப்பல்லாம் விளக்கேத்துறப்ப நெனச்சுக்குவேன், இந்நேரம் ஐயா ரங்கூன்ல கிட்டங்கியில கணக்கு எழுதிக்கிட்டிருப்பாக.’ அந்த ‘இந்நேரம்’தான் பிரச்சினை. ரங்கூன் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது என்பது வேறு விஷயம். அது ஒரே கணத்துக்கு இரண்டு பெயர், அவ்வளவே. ஐன்ஸ்டீன் சொல்வது, அந்தக் கணமே ஒன்றல்ல என்பது.

காரைக்குடிக்கும் ரங்கூனுக்கும் சுமார் 2,000 கிலோமீட்டர். ரயிலடியில் ஒருவர் நிற்கிறார். அவரைக் கடந்து, ரங்கூன் திசையில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்னொருவர் போகிறார். கடக்கும் கணத்தில் ‘ரங்கூனில் இந்நேரம்’ எது என்பதில் இருவருக்கும் வேறுபாடு உண்டு. எவ்வளவு? ஏறக்குறைய 0.6 நானோ நொடி. அற்பம்தான், ஆனால் பூஜ்யமல்ல. யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிக்க மேலே ஒரு கடிகாரம் கிடையாது.

நம் கட்டுரைகள் இந்த இடத்தில் எழுந்து போய்விடுகின்றன. மீதிச் சாட்சியம் இது: ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் கணக்குக்குப் போக லோரன்ட்ஸ் உருமாற்றம் என்ற திட்டவட்டமான விதி இருக்கிறது. காரைக்குடியிலிருந்து ரங்கூனுக்கு ஒளி போக நொடியில் 150இல் ஒரு பங்கு ஆகும். அந்தச் சிறு இடைவெளிக்குள் அடங்கும் நிகழ்வுகளுக்கு மட்டுமே முன்பின் வரிசை சட்டகத்துக்குச் சட்டகம் மாறலாம். அதைத் தாண்டிவிட்டால் எது முந்தி, எது பிந்தி என்பது எந்தச் சட்டகத்திலும் மாறாது. ஒரே இடத்தில் நடந்தவற்றுக்கு அந்தச் சிறு சலுகைகூடக் கிடையாது. காரணத்துக்கு முன் விளைவை வைக்க யாருக்கும் அனுமதி இல்லை.

இப்போது பர்மா. எங்கள் வீட்டுக் கதை 1941 டிசம்பர் 23இல் தொடங்கும்: ‘ஜப்பான்காரன் குண்டு போட்டான், எல்லாம் போச்சு.’ அதற்கு முன்னால்? 1930இல் நெல் விலை சரிந்தது. விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை, வராத பணத்துக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது என்பதும் உண்மை. அதையும் சொல்ல வேண்டும், அதற்குரிய இடத்தில்: விலைச்சரிவுக்குப் பின், குண்டுவீச்சுக்கு முன்.

இயற்பியலிலிருந்து வரலாற்றுக்கு நேர்ப்பாலம் எதுவும் இல்லை என்பதை அறிவேன். ஆனால் சாட்சியைக் கூப்பிட்டது நாம். அவர் சொன்னது ‘அவரவர் உண்மை அவரவருக்கு’ என்பதல்ல. உன் சட்டகத்திலிருந்து அடுத்தவர் சட்டகத்துக்குப் போகும் விதியைக் காட்டு, இரண்டிலும் மாறாதது எது என்று சொல் என்பதே. நான் ‘சார்புண்மை’ என்றபோது அந்த இரண்டையும் செய்யவில்லை. அந்த 25 சதவீதத்துக்குள் என் ஐயாவின் பங்கும் இருக்கிறது. அன்று கைதட்டியவர்களுக்கு இந்தத் திருத்தம்.