நெருப்போடு பேசத் தெரிந்த ஆட்டங்கள்

மும்மடி கிருஷ்ணராஜ உடையாரை 1799இல், திப்பு வீழ்ந்த கையோடு, ஐந்து வயதுக் குழந்தையாக மைசூர் அரியணையில் உட்கார வைத்தார்கள். 1831இல் ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயர் தங்கள் கைக்கு மாற்றிக்கொண்டார்கள். அதன்பின் 1868இல் இறக்கும்வரை அவரிடம் பட்டம் இருந்தது, அதிகாரம் இல்லை. அந்த முப்பத்தேழு ஆண்டுகளில் அவருடைய அரண்மனை ஒரு பெரிய விளையாட்டுப் பட்டறையாக விளங்கியது. சதுரங்கக் குதிரை அறுபத்து நான்கு கட்டங்களையும் ஒருமுறை மட்டும் தொட்டுச் செல்லும் வழிகள், மாயச் சதுரங்கள், சொக்கட்டான் பலகைகள், கஞ்சீஃபா சீட்டுகள் என எல்லாவற்றிலும் மன்னரே இறங்கி வேலை செய்தார்.

அவர் வகுத்த மைசூர் கஞ்சீஃபாவைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். மொகலாய கஞ்சீஃபாவில் எட்டு இனங்கள், 96 சீட்டுகள். தசாவதார கஞ்சீஃபாவில் பத்து இனங்கள், 120 சீட்டுகள். உடையாரின் ஆட்டங்களில் சில 18 இனங்கள்வரை போயின. சில கட்டுகளில் 360 சீட்டுகள். ஓர் இனத்துக்குப் பொதுவாகப் பன்னிரண்டு எண் சீட்டுகளும் ஆறு உருவச் சீட்டுகளும் இருந்தன. தெய்வங்களும் கிரகங்களும் பாண்டவர்களும் ஆளுக்கொரு படையோடு சீட்டில் இறங்கினார்கள். இந்த ஆட்டங்கள் அரண்மனைக்கு வெளியே பரவவில்லை. நினைவில் வைக்கச் சிரமமானவை என்பதே பெரிய காரணமாக இருந்திருக்கும். ஆனால் அவற்றின் அடியில் கிடக்கும் எண்ணம் பெரியது. உலகின் ஆற்றல்களை ஒவ்வொன்றாக எடுத்து, முகமும் வாகனமும் ஆயுதமும் பரிவாரமும் கொடுத்து, விதிகளுக்குள் கொண்டுவந்து ஆடலாம் என்ற எண்ணம் அது.

அதே மன்னரின் மேற்பார்வையில் தொகுக்கப்பட்ட ‘ஸ்ரீதத்வநிதி’ ஒன்பது நிதிகளாகப் பிரிந்த ஓவியக் களஞ்சியம். யோகாசனம் பயில்பவர்கள் அதன் கௌதுக நிதியில் உள்ள 122 ஆசனப் படங்களுக்காக அதை அறிவார்கள். சீட்டாட்டங்களும் அதே பகுதியில்தான் வருகின்றன. மற்ற நிதிகளில் தெய்வ வடிவங்கள் தியான சுலோகங்களோடு வரிசையாக வருகின்றன. எத்தனை முகம், எத்தனை கை, என்ன நிறம், எதன்மேல் ஏறி வருவார், கையில் என்ன என்பதுதான் ஒவ்வொரு வடிவத்துக்கும் சொல்லப்படும் விவரம். இன்றைய மேசை விளையாட்டு நூல்களைப் புரட்டியவர்களுக்கு அந்தப் பக்க அமைப்பு உடனே பழக்கமாகத் தெரியும்.

அந்த விளையாட்டு எது என்று அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசுவார்கள். ஒருவர் மட்டும் உலகத்தையும் எதிரிகளையும் நடத்துவார். செயல் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதன் முதல் நூல். ஐம்பது ஆண்டுகளில் இதற்கென ஒரு பதிப்புத் தொழிலே வளர்ந்துவிட்டது. புதிய மிருகங்கள், புதிய வரைபடங்கள், புதிய பாத்திர வகைகள் என்று நூல்கள் வந்தபடி இருக்கின்றன. அவற்றில் வற்றாத கிளை ஒன்று பூதங்களைப் பற்றியது: நிலம், நீர், தீ, காற்று.

அந்தக் கிளையின் வேர் ஐரோப்பாவில். 1541இல் இறந்த மருத்துவர் பாரசெல்சஸின் நூலொன்று அவர் மறைவுக்குப்பின் 1566இல் வெளிவந்தது. அதில் நிலத்துக்கு நோம், நீருக்கு உண்டைன், காற்றுக்கு சில்ஃப், தீக்கு சாலமாண்டர் என்று நான்கு வகை உயிர்கள் வருகின்றன. அவர் அவற்றை ஏறக்குறைய மனிதர்களாகவே கண்டார். உண்டைன் மனிதரை மணக்கலாம் என்றுகூட எழுதினார். மேசை விளையாட்டுக்குள் வந்தபோது இந்த மனிதத்தன்மை கரைந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் மிருகநூலில் நான்கு பூத உருக்களும் ஒரே சவால் படியில், ஐந்தாம் படியில், நிற்கின்றன. காற்றுக்கு 90 உயிர்ப்புள்ளி, தீக்கு 102, நீருக்கு 114, நிலத்துக்கு 126. தீயுருவின்மேல் ஒரு கேலன் தண்ணீர் ஊற்றினால் ஒரு புள்ளி குறையும். கணக்காகப் பார்த்தால் இது கச்சிதமான வேலை. வீரர்கள் குடத்தைத் தேடி ஓடும் காட்சியை அந்த ஒரு வரி உண்டாக்கிவிடும். ஆனால் அந்தத் தீக்குப் பசி கிடையாது, பெயர் கிடையாது, யாரிடமும் கேட்க ஒன்றும் கிடையாது.

நம் பக்கத்து உருக்கள் அந்த நூல்களுக்குள் போன விதமும் மனநிறைவு தருவதல்ல. 1977இன் மிருகநூலில் ராட்சசன் புலித்தலையோடு, புகைக்குழாய் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். 1974இல் வந்த ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் அத்தியாயம் அந்த உருவுக்குத் தூண்டுதலாயிற்று. வால்மீகியோ கம்பனோ அல்லர். 1980இல் வந்த தெய்வங்கள் நூலில் இந்திரன், அக்னி, வருணன் ஆகியோருக்கும் உயிர்ப்புள்ளி குறித்தார்கள். கோடிப் பேர் இன்றும் விளக்கேற்றி வணங்கும் ஒருவரை வெட்டிச் சாய்க்கக்கூடிய எண்ணாக மாற்றியது தவறு என்றே நான் கருதுகிறேன். எண் சிறியதா பெரியதா என்பது கேள்வியே அல்ல. தெய்வத்தோடு ஒரு மனிதனுக்கு இருக்கக்கூடிய உறவுகளில் சண்டை மிக அரிதானது. அந்தப் பக்கத்தில் அது ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.

அண்மை ஆண்டுகளில் நிலைமை மாறி வருகிறது. 2015இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நிறுவனம் பூதக் கருவில் ஒரு கதைத் தொடரை வெளியிட்டபோது, பாத்திரத் தேர்வுகள் அடங்கிய சிறுநூல் ஒன்றை இலவசமாகவே கொடுத்தது. பூத ரத்தம் கலந்த ஜெனாசி என்ற இனத்தார் நான்கு வகையாக அதில் வந்தார்கள். 2023இல் பைஸோ என்ற பதிப்பகம் வெளியிட்ட ‘ரேஜ் ஆஃப் எலிமெண்ட்ஸ்’ நான்கோடு உலோகத்தையும் மரத்தையும் சேர்த்து ஆறாக்கியது. சீன மரபின் ஐந்து கூறுகள் கிரேக்க நான்கோடு வந்து கலந்த இடம் அது. பூதத்தை உடலிலேயே ஏந்தி, மந்திரப் புத்தகம் இல்லாமல் வீசும் கினெட்டிசிஸ்ட் என்ற பாத்திர வகை அந்த நூலின் சிறந்த பங்களிப்பு.

இன்னும் ஆழமாகப் போனவை வேறு இரண்டு. ஜப்பானிய நிழல் படிந்த ‘லெஜண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ்’ காற்று, நிலம், தீ, நீர், சூனியம் என்ற ஐந்தையும் பாத்திரத்தின் குணங்களாகவே வைத்தது. ஒரே செயலைத் தீயின் வழியிலும் செய்யலாம், நீரின் வழியிலும் செய்யலாம். எந்த வழியில் நீ வல்லவன் என்பதே நீ யார் என்பதைச் சொல்லும். ‘அவதார் லெஜண்ட்ஸ்’ 2021இல் கூட்டுநிதியாக 95 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய ஆட்டம். பூதத்தை வளைக்கும் பயிற்சி அதில் பாத்திரத்தின் ஒரு பகுதிதான். மையத்தில் இருப்பவை ஒருவரை இரு பக்கமும் இழுக்கும் இரண்டு கொள்கைகள். தெற்காசியக் கைகளும் சேர்ந்தன. 2022இன் ‘ரேடியண்ட் சிட்டாடல்’ தொகுப்பில் மிமி மண்டல் எழுதிய கதை, வங்க ஆற்றுநிலத்தின் சாயலில் ஓர் உலகத்தைக் கட்டி, ஆற்றோடு பிணைந்த ஆவியை அதன் நடுவில் வைத்தது. 2023இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் திறந்த உரிமத்தின் கீழ் வந்துவிட்டதால், மைசூரிலோ மதுரையிலோ உட்கார்ந்து ஒருவர் தம் மிருகநூலைத் தாமே எழுதி விற்கச் சட்டத் தடை இல்லை.

அப்படி எழுத உட்காருபவர் முதலில் படிக்க வேண்டியது காண்டவ தகனம் என்பது என் எண்ணம். பாரதத்தின் ஆதி பருவத்தில் வரும் அந்தக் கதையில் தீ ஓர் அந்தணனாக வந்து, பசிக்கிறது என்கிறது. ஓயாத வேள்விகளின் நெய்யைக் குடித்து மந்தமாகிப்போன அக்னிக்குக் காண்டவ வனமே மருந்து. ஏழு முறை பற்றவைக்க முயன்று தோற்றாயிற்று. யானைகளும் நாகங்களும் நீர் கொண்டுவந்து அணைத்தன. தட்சகன் அங்கே குடியிருப்பதால் அவன் நண்பன் இந்திரன் மழையாக இறங்குகிறான். ஆக ஒரு பூதம் உதவி கேட்கிறது, இன்னொரு பூதம் தடுக்கிறது, மூன்றாவது ஆயுதம் தருகிறது. காண்டீவம் வருணன் கையிலிருந்து வருவது. ஆட்டத்துக்கு வேண்டிய எல்லாமே இங்கே இருக்கின்றன: வேலை கொடுப்பவர், எதிராளி, பரிசு, எல்லை வகுத்த களம். மேசையைச் சுற்றி இருப்பவர்களைத் தூங்கவிடாத கேள்வியும் இருக்கிறது. காட்டில் இருந்த உயிர்களுக்கு யார் பதில் சொல்வது? 2019இல் மைசூருக்குத் தெற்கே பந்திப்பூர்க் காடு ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்ததைப் பார்த்த ஊர்களில் அந்தக் கேள்வி வெறும் புராணமாக நிற்காது.

அந்தக் காட்டில் தப்பிய ஆறு உயிர்களில் நான்கு, சிறகு முளைக்காத சார்ங்கப் பறவைக் குஞ்சுகள். தாய் அவற்றை எலி வளைக்குள் ஒளியச் சொல்கிறாள். எலிக்கு இரையாவதைவிட நெருப்பில் போவது மேல் என்று அவை மறுக்கின்றன. தீ நெருங்கியதும் நான்கும் அதைப் பார்த்துத் துதிக்கின்றன. அவற்றின் தந்தைக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்த அக்னி விலகிப் போகிறது. இதை ஆட்டவிதியாக எழுதிப் பாருங்கள். உயிர்ப்புள்ளி ஒன்றோ இரண்டோ மட்டுமே உள்ள பாத்திரம், மிகப் பெரிய தீயின் முன் நின்று, சரியான பெயரைச் சொல்லி, பழைய வாக்கை நினைவூட்டிப் பிழைக்கிறது. எங்கும் எரியும் தீக்கும் இன்னாருக்கு வாக்குக் கொடுத்த தீக்கும் இடையில் ஒரு முழு ஆட்டமே அடங்கியிருக்கிறது.

மைசூருக்குள்ளேயே இன்னொன்று. ரக்தபீஜன் என்ற அசுரனின் ரத்தம் துளித்துளியாக மண்ணில் விழ, ஒவ்வொரு துளியும் இன்னொரு ரக்தபீஜன் ஆகிறது. வெட்டினால் பெருகும் எதிரி மேசை விளையாட்டுக்குப் புதிதல்ல; வெட்டியதும் இரண்டாகும் கூழ் உருக்கள் அங்கே நெடுநாளாக உண்டு. ஆனால் சாமுண்டி மலையின் அடிவாரத்து உத்தனஹள்ளிக் கோயில் கதை தரும் தீர்வு வேறு. சாமுண்டியின் தங்கை ஜ்வாலாமுகி தன் நாக்கை நிலத்தின்மேல் விரித்து, ஒரு துளியும் தரையைத் தொடாமல் ஏந்திக்கொண்டாள் என்கிறார்கள் அங்கே. மண்தான் அசுரனின் கூட்டாளி. அவனுக்கும் மண்ணுக்கும் இடையில் புகுவதுதான் போர் முறை. வாள்வீச்சின் வலிமையை மட்டும் அளக்கும் விதிநூலில் இதற்கு இடம் கிடைக்காது. நிலத்தையும் ஒரு பங்காளியாகக் கணக்கில் எடுக்கும் விதி வேண்டும்.

வரைபடங்கள் என்று வரும்போது தலக்காட்டை விட்டுவிட முடியாது. மைசூரிலிருந்து கிழக்கே காவிரிக்கரையில் இருக்கும் அந்த ஊர் சோழர் காலத்தில் ராஜராஜபுரம். பின் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் கைப்பற்றிக் கீர்த்தி நாராயணர் கோயிலை எழுப்பினான். இன்று கோயில்களைப் பார்க்க மணல்மேடுகளின் நடுவே இறங்கிப் போக வேண்டும். ஆற்று மணல் ஊரையே மூடிக்கொண்டது. 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தபோது, நகைகளைப் பறிக்க வந்தவர்களிடமிருந்து தப்பிக் காவிரியில் குதித்த அலமேலம்மா, தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்க்குப் பிள்ளையில்லாமல் போகட்டும் என்று சபித்ததாகக் கதை. ஒரே சாபத்தில் நிலம், நீர், குலம் மூன்றும் பிடிபடுகின்றன. நிலவறைகளை அறை அறையாக வரைந்து பழகிய கைகளுக்கு இது புது வேலை. இங்கே ஆபத்து எந்த அறையிலும் காத்திருக்காது. ஆட்டம் நடக்க நடக்க வரைபடமே புதைந்துகொண்டு போகும். எந்த வாசல் நேற்றுத் திறந்திருந்தது, இன்று எது மணலுக்குள் என்பதை ஒவ்வொரு அமர்விலும் மாற்றி வரைய வேண்டும்.

இடத்தை எழுதுவதற்குத் தமிழிடம் இன்னும் பழைய கருவி ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் கருப்பொருள் வரிசை ஒரு நிலத்துக்குத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று கேட்டுக்கொண்டே போகிறது. உலகம் கட்டுபவருக்கு இதைவிட முழுமையான பட்டியல் எந்த விதிநூலிலும் கிடைக்காது. நெய்தலுக்கு அங்கே வருணன். பாலையோ தனி நிலமாகத் தொடங்குவதே இல்லை; முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. தீ என்பது ஓர் உருவாக வந்து தாக்காமல், நீங்கள் நின்றிருக்கும் நிலத்தின் பறவையையும் தொழிலையும் மாற்றிவிட்டுப் போகிறது. இதைவிட நல்ல தீயுரு எனக்குத் தோன்றவில்லை.

கஞ்சீஃபாவிலும் இந்த உணர்வு இருந்தது. தசாவதார ஆட்டத்தில் பகலில் ராமனை வைத்திருப்பவர் தொடங்குவார், இரவில் கிருஷ்ணனை வைத்திருப்பவர். வங்கத்து விஷ்ணுபூரில் வெளியே மழையா இல்லையா என்பதும் சேர்ந்துகொள்ளும். கூரைக்கு மேலே இருக்கும் உண்மையான வானம் ஆட்டத்துக்குள் வந்து உட்காருகிறது. இன்றைய பூதநூல்கள் எதிலும் நான் தேடுவது இதைத்தான்.

ஐந்தாவதான ஆகாயத்தை இந்நூல்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. அதற்கு நகமும் பல்லும் வைக்க முடியாததால் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். பஞ்சபூதத் தலங்களில் சிதம்பரம் அதை எப்படிக் காட்டுகிறது என்று பாருங்கள்: திரையை விலக்கினால் தொங்கும் பொன் வில்வமாலை, அதன்பின் வெற்றிடம். பாத்திர வகை ஒன்றை இதிலிருந்து எடுக்கலாம். தன் முறை வரும்போது எதையும் செய்யாமல் விடுபவர். அப்படி விட்ட ஒவ்வொரு முறையும் மற்றவர்களுக்கு ஒரு பகடை கூடுதலாகக் கிடைக்கும். ஆகாயம் இடம் கொடுக்கும், அதுவே அதன் தொழில்.

இன்னொரு பாத்திரத் தேர்வை அலமேலம்மாவிடமிருந்து எடுக்கலாம். அவளைத் துரத்திய குலத்தின் அரண்மனையில் அவளுக்கே உருவம் வைத்து வழிபடும் வழக்கம் உண்டு. அந்தக் குலத்தில் பிறந்த ஒருவரை எழுதுங்கள். மணலும் நீரும் அவருக்குப் பகை. அந்தப் பகையை வெல்லும் மந்திரம் எந்தப் படியிலும் அவருக்குக் கிடைக்காது. ஒவ்வொரு தசராவுக்கும் பறித்த நகைகளில் எதைத் திருப்பித் தருகிறார் என்று அவர்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த ஆண்டு எந்த வாசல் மணலுக்கு வெளியே இருக்கும் என்பதை அது சொல்லும்.